எந்த அவுட்லுக்? கிளாசிக், புதியது, தண்டர்பேர்டு: தமிழ் மடல் எதில் ஒழுங்காகத் தெரிகிறது?

“அவுட்லுக்கில் தமிழ் கோணல்மாணலாகத் தெரிகிறது” என்று யாராவது சொன்னால், பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எந்த அவுட்லுக்? இன்றைய விண்டோஸ் கணினியில் அந்தப் பெயரில் இரண்டு நிரல்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கலாம். ஆபிஸ் தொகுப்போடு வந்த பழையதற்கு ஸ்டார்ட் பட்டியலில் இப்போது ‘கிளாசிக்’ என்ற அடைமொழி உண்டு. மற்றது விண்டோஸோடு வரும் புதியது. 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு விண்டோஸின் பழைய ‘மெயில்’ நிரலுக்கான ஆதரவு முடிந்தது. அதை நம்பியிருந்தவர்கள் புதிய அவுட்லுக்கிற்கு நகர்த்தப்பட்டார்கள். இது போதாதென்று உலாவியில் திறக்கும் அவுட்லுக்.காம் இருக்கிறது, அது வேறொன்றுமில்லை, பழைய ஹாட்மெயில். அந்தக் காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர ஒட்டோ உறவோ கிடையாது.

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் இந்தக் குழப்பத்தின் உச்சக்கட்டம். தமிழ்மொழி விழாவை ஒட்டி ஒவ்வொரு மன்றமும் அழைப்பிதழ், பதிவுப் படிவம், பேச்சுப் போட்டி விதிமுறை என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரே மடல் செயலாளரின் அலுவலகக் கணினியில் ஒரு மாதிரியும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தாத்தாவின் மடிக்கணினியில் வேறு மாதிரியும் தெரியும். “தம்பி, நீங்கள் சொல்லும் பொத்தான் என் அவுட்லுக்கில் இல்லையே” என்று தொலைபேசியில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடையது வேறு அவுட்லுக்.

பெயரை விட்டுவிட்டு, மடலைத் திரையில் வரைவது யார் என்று பார்த்தால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். கிளாசிக் அவுட்லுக் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மடலை வரையும் வேலையை வேர்டு நிரலிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆவணம் தட்டச்சு செய்யப் பிறந்த நிரல், வலைப்பக்கம் போல வடிவமைத்த அழைப்பிதழைக் காட்ட வேண்டியிருக்கிறது. வட்ட முனைப் பெட்டிகள் சதுரமாகிவிடும். பின்னணிப் படம் காணாமல் போகும். புதிய அவுட்லுக்கோ எட்ஜ் உலாவியின் உள்ளுறுப்பைக் கொண்டு வரைகிறது. இலவச மின்னஞ்சல் நிரலான தண்டர்பேர்டு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் உள்ளுறுப்பான கெக்கோவைக் கொண்டு வரைகிறது. ஆகவே காட்சி விஷயத்தில், புதிய அவுட்லுக்கிற்குத் தன் பெயரைத் தாங்கிய கிளாசிக்கைவிடத் தண்டர்பேர்டுதான் நெருங்கிய சொந்தம். கிளாசிக்கில் கண்ட கோளாறுக்குப் புதியதில் மருந்து தேடுவதும், புதியதில் கண்டதற்குக் கிளாசிக்கின் அமைப்புகளைக் கிளறுவதும் வீண்வேலை.

தமிழுக்கு வருவோம். வேர்டின் வழக்கமான எழுத்துருத் தொகுப்பில் தமிழுக்கென்று குறித்து வைத்திருப்பது லதா. ஆங்கில எழுத்துருவான காலிப்ரியில் தமிழ் கிடையாது. அதனால் கிளாசிக்கில் எழுதும் தமிழ் பெரும்பாலும் லதாவில் போய் விழும். ஆனால் விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் எல்லாக் கணினியிலும் தாமாக வருவதில்லை. தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். தாமாக வருவது நிர்மலா மட்டும். லதா இல்லாத கணினியில் அந்த இடத்தை நிர்மலா பிடித்துக்கொள்ள, வரிகளின் நீளம் மாறி, செயலாளர் அழகாக அடுக்கிய நிகழ்ச்சி நிரல் குலைந்துவிடும். அனுப்பியவர் கண்ணுக்கு எல்லாம் சரி. பெற்றவர் கண்ணுக்குக் குளறுபடி.

இதைவிடத் தொந்தரவானது வரி உயரம். ஆங்கில எழுத்தைக் கணக்கில் வைத்து ‘இத்தனை புள்ளி உயரம், அதற்கு மேல் இல்லை’ என்று கறாராக வரையறுத்த வார்ப்புருக்களில் தமிழை ஒட்டினால், கி, கீ போன்ற எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்படும். கிளாசிக் இந்தக் கட்டளையைச் சொன்ன சொல் தவறாமல் நிறைவேற்றும். புதிய அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் எழுத்து வரியை மீறி நீட்டிக்கொள்ள இடம் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். மேல் சுழி அறுந்த மடல் வந்தால், படிப்பவர் தன் கணினியில் செய்ய அதிகமில்லை. அனுப்பியவரிடம் வரி உயரத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

தண்டர்பேர்டில் வேறொரு வினோதம் உண்டு. எழுத்துரு அமைப்பில் தமிழ் என்று தனித் தலைப்பே இருக்கிறது. அங்கே விருப்பமான எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். அளவையும் அங்கேயே பெரிதாக்கிவிட்டு, எதுவும் நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. இன்றைய மடல்கள் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் வருவதால், ‘அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ்’ என்ற தலைப்பில் உள்ள அளவையும் மாற்ற வேண்டும். மடலே சொந்த எழுத்துருவைத் திணித்தால், மடல்கள் வேறு எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் குறியை எடுத்துவிடலாம். இந்த அளவு பிடிவாதமாகப் படிப்பவர் பக்கம் நிற்கும் வசதி இரண்டு அவுட்லுக்கிலும் இல்லை. கண் மங்கிய பெரியவர்களுக்குத் தண்டர்பேர்டை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

எழுத்தே தெரியாமல் குப்பையாக வந்தால், குப்பையின் ஜாதகத்தைப் பாருங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் மடல் நலமாக இருக்கிறது, கணினியில்தான் தமிழ் எழுத்துரு இல்லை. வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போட்ட பதிவு முத்திரையும், மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் மாறி மாறி வந்தால், அது யூனிகோடு மடலை ஐரோப்பிய மொழிக் குறியீடாகத் தவறாகப் படித்ததன் விளைவு. யூனிகோடைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாக உடைவதால் இந்தத் தோரணம். இதற்குத் தண்டர்பேர்டின் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ பல நேரம் ஒரே சொடுக்கில் கைகொடுக்கும். கிளாசிக்கில் மடலைத் தனிச் சாளரத்தில் திறந்து, ‘அதர் ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலுக்குள் புகுந்து குறியீட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் வந்திருந்தால் எந்த நிரலும் உதவாது. அனுப்பும்போதே எழுத்து அழிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்வதுதான் வழி.

பழைய மடல்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் சிங்கப்பூர் ஒரு மையம். தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் 1997-இல் இங்கே தமிழ் இணைய மாநாடு நடந்தது. 2000-ஆம் ஆண்டு மாநாடும் இங்கேதான், உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் அப்போதுதான். அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி டிஸ்கி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எட்டு பிட் குறியீடுகளில் இருந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ‘யூசர் டிஃபைன்டு’ என்று வைத்து, டிஸ்கி எழுத்துருவைப் பொருத்திப் படித்தார்கள். இன்றைய ரிப்பேர் பொத்தானுக்கு டிஸ்கி தெரியாது. மடலைக் கோப்பாகச் சேமித்து, குறியீடு மாற்றும் செயலியில் கொடுத்து யூனிகோடாக்க வேண்டும். தண்டர்பேர்டு மடல்களை வழக்கமாக எம்பாக்ஸ் என்னும் எளிய உரைக் கோப்பில் வைப்பதால், மொத்தமாக எடுத்து மாற்றுவது எளிது. கிளாசிக் மடல்களைச் சேமிக்கும் பி.எஸ்.டி கோப்பைத் திறக்கப் பெரும்பாலும் அதே நிரல் வேண்டும்.

தேதியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏப்ரலில் இது ஆளைக் கவிழ்க்கும். ஏப்ரல் 5 அன்று வந்த மடல், அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் 4/5 என்று தெரியும். சிங்கப்பூர்க் கண் அதை மே 4 என்று படிக்கும். கிளாசிக், விண்டோஸின் வட்டார அமைப்பை அப்படியே பின்பற்றும். தண்டர்பேர்டு, நிரலின் மொழியையா கணினியின் வட்டாரத்தையா எதைப் பின்பற்றுவது என்று நம்மைக் கேட்கும்; ஆங்கிலம்-சிங்கப்பூர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய அவுட்லுக் தனி வழி: தேதி வடிவமும் நேர மண்டலமும் அதன் சொந்த அமைப்புக்குள் இருக்கின்றன. விண்டோஸில் மாற்றிவிட்டு ஏன் மாறவில்லை என்று கேட்பதில் பயனில்லை. சென்னையில் இருந்தபோது தொடங்கிய கணக்கு என்றால் நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். நாட்காட்டியில் இரண்டரை மணி நேரம் முன்பின்னாகப் போகும்.

மடலே காணவில்லை என்ற புகாருக்கு இரு அவுட்லுக்கிலும் ‘ஃபோகஸ்ட்’, ‘அதர்’ என்ற பிரிவினைதான் வழக்கமான காரணம். மன்றத்தின் சுற்றறிக்கைகள் அவற்றின் பார்வையில் முக்கியமற்றவை. ‘அதர்’ பக்கம் போய்ப் படுத்திருக்கும். இந்தப் பிரிவினையை நிறுத்திவிடலாம். தண்டர்பேர்டில் இந்தத் தீண்டாமை இல்லை. புதிய அவுட்லுக்கை இலவசக் கணக்கோடு பயன்படுத்துபவர்கள் பட்டியலின் மேலே மடல் போலவே உருமாறி வரும் விளம்பரத்தையும் கண்டிருப்பார்கள். அது கோளாறு அல்ல, வியாபாரம்.

காட்சியில் தண்டர்பேர்டுக்கு நெருங்கிய உறவான புதிய அவுட்லுக், சேமிப்பில் மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது. ஜிமெயில் போன்ற வேறு நிறுவனக் கணக்கைச் சேர்த்தாலும், அந்த மடல்களின் நகலை மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணினியில் வைத்து அதன் வழியாகவே காட்டும். தண்டர்பேர்டும், அத்தகைய கணக்குகளில் கிளாசிக்கும், மடல் வழங்கியிடம் நேரடியாகப் பேசும். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண், பிள்ளைகளின் பள்ளி விவரம் எல்லாம் அடங்கிய மன்றக் கணக்கு என்றால், இதைச் செயற்குழு முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது.

அலுவலகம் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மடல் சேவை) கணக்கு கொடுத்திருந்தால் கிளாசிக்கைக் கைவிட அவசரமில்லை. அதற்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் அதிலிருந்து வெளியாருக்கு அனுப்பும்போது மடல் வடிவத்தை ‘ரிச் டெக்ஸ்ட்’ என்று விட்டுவிடாதீர்கள். தண்டர்பேர்டு வைத்திருப்பவருக்கு உங்கள் அழைப்பிதழுக்குப் பதிலாக வின்மெயில்.டேட் என்று ஒரு திறக்க முடியாத இணைப்பு போய்ச் சேரும். வடிவத்தை எச்.டி.எம்.எல் என்று மாற்றி மறுபடி அனுப்பினால் அழைப்பிதழ் திறக்கும்.