ஸ்பெஷல் டீச்சர் வகுப்பறைக்கு வந்த பிறகு: வட்டார வள மையம் பற்றி ஓர் அம்மாவின் மதிப்புரை

படிப்பு ஏறாத, பள்ளிக்கூடம் என்றாலே வயிறு கலங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்குப் போங்க. பள்ளிகளுக்கு உதவ அரசுக் கல்வித்துறை ஒன்றியந்தோறும் வைத்திருக்கும் மையம் அது. காசு கிடையாது. பெரிய போர்டும் இருக்காது. எங்கள் மையம் ஓர் அரசுப் பள்ளி வளாகத்துக்குள் பின்பக்கமாக இருக்கிறது, ஆட்டோக்காரருக்கே தெரியாது. உங்கள் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் வழி சொல்லிவிடுவார். அங்கிருந்து பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநரின், அதாவது ஸ்பெஷல் டீச்சரின், சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. ஐந்துக்கு நான்கு தருகிறேன். எந்த ஊர் மையம் என்று எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதைப் படித்துவிட்டு யாரும் அந்த டீச்சர்மேல் பாயக் கூடாது. ஈரோடு மாவட்டத்தின் மேற்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் இப்போது நான்காம் வகுப்பு. வாய்க்கணக்கில் கெட்டிக்காரன். சந்தையில் காய்க்காரம்மா மீதிச் சில்லறையை எண்ணுவதற்குள் இவன் தொகையைச் சொல்லிவிடுவான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், வார்த்தையாகச் சேராது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஞாயிறு சாயங்காலம் வயிற்றுவலி, திங்கள் காலை வாந்தி என்று ஆகிவிட்டது. ஸ்கேன் எடுத்தோம். பூச்சி மாத்திரை கொடுத்தோம். அம்மிச்சி பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்து நெற்றியில் பூசினார். கடைசியில் குழந்தை மருத்துவர்தான் சொன்னார்: "வயித்துல ஒண்ணுமில்லீங்க. பயம் இந்த வயசுல வயித்துவலியாவும் தலைவலியாவும்தான் வரும். ஆனா அவன் நடிக்கலை, வலி நிஜம்." நடிக்கவில்லை என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கோவையில் ஒரு தனியார் தெரபி மையம். பெயர் வேண்டாம். ஓர் அமர்வுக்கு எண்ணூறு ரூபாய், மொத்தமாக முன்பணம், போக வர பஸ். நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன், போகிற நாளெல்லாம் சம்பளமும் போகும். அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் அன்பானவர்கள், அதில் சந்தேகமே இல்லை. மணி கோர்த்தான், பலகைமேல் நின்று பேலன்ஸ் பிடித்தான், சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். திங்கட்கிழமை மறுபடி வாந்தி. அவன் பயந்ததெல்லாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் பாடம் வாசிக்கிற அந்த நிமிஷத்துக்கு. அதை மாற்றுவதற்கு அந்த மையத்திலிருந்து பள்ளிக்கு ஒரு ஃபோன்கூடப் போகவில்லை. அறிக்கை கேட்டபோது முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. வகுப்பு டீச்சர் அதை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: இப்படிப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் உதவி வகுப்பறைக்குள் போக வேண்டும். போகவில்லை என்றால் எவ்வளவு செலவு செய்தாலும் பிரயோஜனம் இல்லை. வட்டார வள மையத்து ஸ்பெஷல் டீச்சர் வகுப்பறைக்குள் வந்தார்.

மூன்றாம் வகுப்பில் அவனை எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு மாற்றியிருந்தோம். அங்கே 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவன் முதல் நிலையான அரும்பிலேயே நின்றுவிட்டதைப் பார்த்துத் தலைமையாசிரியரே மையத்துக்குப் பெயர் எழுதி அனுப்பினார். நான் மனு ஏதும் போடவில்லை.

டீச்சர் வந்த முதல் நாள் அவனைத் தனியாகக் கூப்பிடவே இல்லையாம். கடைசி வரிசையில் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உங்க பையன் தனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணி, எந்தப் பத்தி தனக்கு வரும்னு கணக்குப் போடறானுங்க. நாலு பேர் மிச்சம் இருக்கும்போதே கையைப் பிசைய ஆரம்பிச்சுடறான். அதுக்கப்புறம் மத்தவங்க வாசிக்கிறது அவன் காதுல விழறதே இல்லை" என்றார். வீட்டில் தினம் பார்க்கிற எனக்கே தெரியாத விஷயம். அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்பது இப்படி அவனுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது.

அன்றே வகுப்பு டீச்சரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். இவனைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. நாளைக்கு எந்த வரி என்று இன்றே சொல்லி அனுப்புவது. அந்த ஒரு வரியை வீட்டில் வாசித்துவிட்டு வந்து வகுப்பில் வாசிப்பான், அவ்வளவுதான். அது பழகிய பிறகு இரண்டு வரி. பிறகு ஒரு பத்தி. எனக்கு அவசரம். இப்படியே போனால் எப்போது மற்ற பிள்ளைகளைப் பிடிப்பான் என்று கேட்டேன். "ஒரேயடியா மடையைத் திறந்துவிட்டா வரப்பு ஒடஞ்சிருமுங்க. வாசிக்கவே வேண்டாம்னு விட்டுட்டாலும் பயம் இன்னும் பெருசாயிரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான்" என்றார். டீச்சருக்கும் வீட்டில் வயல் இருக்கிறது.

வாசிப்பு சொல்லிக்கொடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை வீட்டிலும் செய்யலாம். வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாட்டுக்குப் பெயர் டிஸ்லெக்சியா. அது என்றால் ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போடுவது என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தமிழில் இவனுக்கு இடறியது கொம்பு. 'தேர்' என்று எழுதினால் இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் 'த்' தான் முதலில் வருகிறது. கண் பார்க்கும் வரிசை ஒன்று, நாக்கு சொல்லும் வரிசை வேறு. 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து. இவன் கொம்பைத் தனி எழுத்து என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுவான்.

டீச்சர் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, 'தே' முழுவதையும் ஒரே அட்டையில், பச்சை ஸ்கெட்ச் பேனாவில் தடிமனாக எழுதினார். கொம்பைப் பிரித்துக் காட்டவே இல்லை. 'ர்' இன்னோர் அட்டை. அட்டைக்கு ஒரு தட்டு: மேசையில் ஒருமுறை தட்டி 'தே', இன்னொருமுறை தட்டி 'ர்', பிறகு இரண்டையும் ஒட்டி வைத்துத் 'தேர்'. அப்புறம் 'ர்' அட்டையை எடுத்துவிட்டு 'ன்' வைத்தால் தேன். 'ள்' வைத்தால் தேள். தேள் வந்ததும் இவன் அட்டையை விட்டுக் கையை இழுத்துக்கொண்டு சிரித்தான். வாசிப்பில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ல, ள, ழ மூன்றையும் தட்டில் ரவை பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வைத்தார். வீட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, அவன் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் போட்ட கண்டிப்பான சட்டம்.

காலை நேரப் பதற்றத்துக்கு அவர் சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மணி அடிக்கும் நேரத்தில் கூட்டத்தோடு உள்ளே நுழைவதுதான் இவனுக்குப் பெரிய கஷ்டம். அதனால் பள்ளியில் கொடுக்கும் காலை உணவுக்கே அனுப்பச் சொன்னார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. திங்கட்கிழமை உப்புமா, புதன்கிழமை பொங்கல். வீட்டில் தொண்டையில் இறங்காத சாப்பாடு அங்கே நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் இறங்குகிறது. மற்றவர்கள் வரும்போது இவன் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வராந்தாவில் விளையாடிக்கொண்டிருப்பான்.

வயிறு வலிக்கிறது என்றால் முன்பெல்லாம் உடனே எனக்கு ஃபோன் வரும், மண்டியிலிருந்து ஓடுவேன். இப்போது அவன் பையில் ஒரு பச்சை அட்டை இருக்கிறது. அதை மேசைமேல் வைத்தால், யாரும் எதுவும் கேட்காமல் வெளியே போய்த் தண்ணி குடித்துவிட்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வருவான். காய்ச்சல் இருந்தால் தவிர வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆரம்பத்தில் இது எனக்குக் கல்மனசாகத் தெரிந்தது. இப்போது அந்த அட்டை வெளியே வருவதே குறைவு. காலையில் "பயமா இருக்கா கண்ணு?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம், "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காரப் போறே?" என்று கேளுங்கள் என்று எனக்கும் ஒரு பாடம் சொன்னார். இரவில் மனசு தாங்காத நேரத்தில் 14416க்கு அழைத்துப் பேசியிருக்கிறேன். அரசின் மனநல உதவி எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள், பெற்றவர்களும் பேசலாம்.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் விஷயம். மையத்தின் மூலம் நடக்கும் மருத்துவ முகாமில் பார்த்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அறிவுத்திறன் சோதனையும், பெங்களூரில் இருக்கும் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தயாரித்த கற்றல் குறைபாட்டுச் சோதனையும் செய்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் வருடத்துச் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பிரிவே கிடையாது. 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை இருபத்தொன்றாக ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது, ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் அது பொருந்தும். உங்கள் பள்ளியில் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு இந்தக் காகிதம்தான் ஆதாரம். "இதை வாங்கி வெச்சா நாளைக்குப் பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று என் மாமியார் கேட்டார். நாமாக எடுத்துக் காட்டாமல் யாருக்கும் அது தெரியப் போவதில்லை, தேர்வு அறையில் அது இல்லாவிட்டால் பிள்ளைதான் தவிப்பான் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

சரி, அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது? டீச்சர் ஒருவர், பள்ளிகள் நிறைய. எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை வருவார், முகாம் வேலை வந்தால் அதுவும் இல்லை. நாள் தெரியாமல் அவர் வராத வாரம் இவன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பதற்றமுள்ள பிள்ளைக்கு வராததைவிட, எப்போது வருவார் என்று தெரியாததுதான் பெரிய தொல்லை, அதை முன்கூட்டியே சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். மையத்துக்குள் சாய்தளம் இருக்கிறது, ஆனால் கழிப்பறைக்குப் படி ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் பிள்ளையைக் கொண்டுவரும் அம்மா ஒருவர் அங்கே படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. பதற்றத்துக்கென்று தனியாக மனநல ஆலோசகர் மையத்தில் கிடையாது, அதற்கு மாவட்ட மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இந்தச் சிறப்புப் பயிற்றுநர்கள் வருடக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடமாகப் போராடுகிறார்கள். இவர்களை நிரந்தரமாக்க வேண்டும். ஒரு டீச்சர் விட்டுப் போனால், எண்ணிக்கொண்டு கையைப் பிசைகிறான் என்பதை அடுத்தவர் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

தனியார் பள்ளியில் பிள்ளை படித்தாலும் 2016 சட்டம் பொருந்தும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் முடியாது என்று தட்டிக் கழிக்க முடியாது. "கவனிச்சுக்கோங்க டீச்சர்" என்று வாயால் சொல்வதைவிட, திடீரென வாசிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையில் இருப்பதை எழுதக் கூடுதல் நேரம் தாருங்கள் என்று குறிப்பாகக் கடிதமாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு இவன் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அதற்காக டீச்சர், இவனுக்கு எது கடினம், எது உதவுகிறது, பச்சை அட்டை எதற்கு என்பதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்களும் இப்படி ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். மையத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பிள்ளையின் பழைய நோட்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டைத்தான் டீச்சர் முதலில் புரட்டுவார். காலையில் அவர் பள்ளிகளில் இருப்பார், மதியத்துக்கு மேல்தான் மையத்தில் பிடிக்க முடியும், ஃபோன் செய்துவிட்டுப் போங்க.