"ஒருவரும் காணாமற்போகவில்லை": மினசோட்டாப் படையணியின் நினைவுச்சின்னம்

கிளிநொச்சியிலிருந்து கனடாவில் உள்ள உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழமை. அமெரிக்க விசாவும் கிடைத்திருந்தால், ரொறன்ரோவிலிருந்து எட்டு மணி நேரமளவில் போய்ச் சேரக்கூடிய, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் பொருதிய கெட்டிஸ்பேர்க் போர்க்களத்துக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள் என்பேன். சென்ற கோடையில் தங்கையின் குடும்பத்தோடு நான் அங்கே போயிருந்தேன். களத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அங்குள்ள நினைவுச்சின்னங்கள் 1,300க்கும் அதிகம் என்பதால், எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனத்தில் நில்லாது. நான் நெடுநேரம் நின்றது மினசோட்டாவின் முதலாம் காலாட்படையணிக்கு எழுப்பப்பட்ட சின்னத்தின் முன்னால்தான்.

மினசோட்டா அங்கிருந்து சாலை வழியே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தொலைவில் உள்ள மாநிலம். 1863 ஜூலை 2ஆம் திகதி மாலை, வடபகுதிப் படையின் வரிசையில் இடைவெளி விழுந்து எதிரி நெருங்கிவிட்டபோது, பின்னிருந்து துணைப்படை வந்து சேரும் வரைக்குமான சில நிமிடங்களைப் பெறுவதற்காக, ஜெனரல் ஹன்கொக் இந்தப் படையணியின் 262 பேரைத் தென்பகுதியின் அலபாமாப் படைப்பிரிவின் மீது பாயுமாறு நேரில் கட்டளையிட்டார். கேணல் கொல்வில்லின் தலைமையில், துப்பாக்கி முனையில் கத்தி பொருத்தி, அவர்கள் சரிவில் ஓடி இறங்கினார்கள்.

1897இல் திறக்கப்பட்ட சின்னம் அந்த ஓட்டத்தையே காட்டுகிறது. குதிரை மேல் அமர்ந்த தளபதி அதில் இல்லை. கருங்கற் பீடத்தின் மேல், துப்பாக்கியை நீட்டியபடி ஓடும் சாதாரணப் படையாள் ஒருவன் வெண்கலத்தில் நிற்கிறான். நோர்வேயில் பிறந்து மினசோட்டாவில் வாழ்ந்த யாக்கோப் ஃபியெல்டே என்ற சிற்பி, அந்த உடலின் முன்சாய்வில் வேகத்தை நன்றாகக் கொண்டுவந்திருக்கிறார்.

ஆனாலும் என்னைப் பிடித்து நிறுத்தியது சிலையன்று, கீழே உள்ள எழுத்து. போனவர்கள் 262 பேர், கொல்லப்பட்டும் காயப்பட்டும் வீழ்ந்தவர்கள் 215 பேர், வரிசையில் எஞ்சி நின்றவர்கள் 47 பேர், ஒருவரும் காணாமற்போகவில்லை. 215ஐயும் 47ஐயும் கூட்டிப் பார்த்தேன், கணக்கு நேராக வந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20இல் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், என் அண்ணனின் படத்தோடு அம்மாவும் போய் இருந்தவர். கடைசி வரியைக் கடந்து அப்பால் போக எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. எங்கள் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடுவில் வெள்ளையர் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக ஒரு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இரு புறமும் நின்று பொருதிய ஆட்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

குறைகளும் உண்டு. வாசகம் நீளமானது, வயதானவர்கள் நின்றபடி வாசித்து முடிப்பது கடினம். இந்தப் பாய்ச்சலுக்கு எந்தப் போரிலும் இணையில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எண்களே பேசும்போது அந்தப் புகழ்ச்சி தேவையற்றது. அந்த எண்களைப் பற்றியும் வரலாற்றாசிரியரிடையே விவாதம் உண்டு.

இதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். எதிரே நின்ற அலபாமாக்காரருக்கு 1933இல் எழுந்த சின்னமும் அதே களத்தில் இருக்கிறது. தோற்ற தரப்பின் இறந்தோர் ஆழமற்ற குழிகளில் கிடந்து, 1870களின் தொடக்கத்தில்தான் தென்பகுதிப் பெண்கள் சங்கங்களின் முயற்சியால் ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். வென்ற தரப்புக்கான தேசிய மயானத்தில், மினசோட்டாப் படையணியில் உயிர் தப்பியவர்கள் 1867இல் வைத்த கற்கலசம் உள்ளது. களத்தின் முதல் நினைவுச்சின்னம் அதுதான். பெயர் தெரியாத 979 பேருக்கு எண் மட்டும் வெட்டிய சிறு சலவைக்கற்களும் அதே மயானத்தில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. அங்கே நடக்கையில் தங்கை ஒன்றும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும், கைபேசியில் எடுத்து வந்த அந்த ஒரு வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எப்பிடி எண்ணினவை?" என்று கேட்டார். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருந்தார்கள் என்றேன்.