தூரத்தை வகுத்துச் சொல்லும் ‘பறக்கும் நேர’த்தை நம்பி இணைப்பு விமானம் எடுக்காதீர்கள்

இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் காட்டி, அந்தக் கணக்கை வைத்தே இணைப்பு விமானங்களைக் கோத்து விற்கும் ஓர் இணையவழிப் பயண முகமை என்னை ஏமாற்றிவிட்டது. வேறு யாரும் அதில் சிக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பணம் செலுத்துவதற்கு முன் அவர்கள் காட்டிய திட்டத்தில், முதல் விமானம் இறங்கிய பின் அடுத்ததற்கு இரண்டரை மணி நேர இடைவெளி இருந்தது. பணம் கட்டிய பின் வந்த சீட்டுகளிலோ அது ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. அதைவிட மோசமானது, ஒரே பயணம் என்று விற்கப்பட்டவை உண்மையில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு தனிச் சீட்டுகள். எனவே இடையில் இறங்கி, குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மீண்டும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். உடனே எழுதிக் கேட்டதற்கு, “நேரம் தோராயமானது, ரத்து செய்தால் பணம் திரும்பாது, விமான நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள்” என்று பதில் வந்தது. அங்கே யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. முதல் விமானம் சீட்டில் குறித்த நேரத்துக்கே இறங்கியும், என் பெட்டி சுழல்பட்டையில் வந்து சேர்வதற்குள் அடுத்த விமானத்தின் செக்-இன் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். தனிச் சீட்டு என்பதால் இரண்டாவது நிறுவனம் என்னைப் பயணத்துக்கு வராதவர் கணக்கில் சேர்த்தது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் குறையில்லை.

முகமை காட்டிய நேரம் விமான அட்டவணையிலிருந்து எடுத்ததே அல்ல. உலக உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கு இடையிலுள்ள மிகக் குறுகிய தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துப் போட்ட எண் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறை கிடைக்கும் வரை வட்டமிடுவது, எதிர்க்காற்று ஆகிய எதுவும் அதில் சேர்வதில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,550 கி.மீ.; வகுத்தால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அட்டவணையிலோ கிழக்கு நோக்கி ஏறத்தாழ 7 மணி நேரமும், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டத்தை எதிர்த்து மேற்கே செல்ல ஏறத்தாழ 8 மணி நேரமும் இருக்கும். ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் இன்னும் தெளிவான சான்று. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதால், முன்பு ஒன்பதரை மணி நேரம் பிடித்த பயணம் இப்போது 13 மணி நேரத்தைத் தொடுகிறது. வரைபடத்தில் தூரம் மாறவில்லை என்பதால், வகுத்துச் சொல்பவர்கள் பழைய எண்ணையே சொல்வார்கள்.

பணம் கட்டும் முன் விமான எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் புறப்பாடு, வருகை நேரங்களைச் சரிபாருங்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முழுப் பயணமும் ஒரே முன்பதிவில், ஒரே சீட்டாக வருமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அப்படி வந்தால், முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முகமை காட்டும் திட்டத்தைத் திரைப்பிடிப்பாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் அட்டை வங்கியில் நான் கொடுத்த புகாருக்கு, அவர்கள் முதலில் கேட்ட ஆதாரம் அதுதான்.