கணக்கில் இருக்கிறது, கண்ணில் இல்லை: எக்செல், ஸ்னைப்-ஐடி, ஜிஎல்பிஐ

"தம்பி, இந்த லேப்டாப் கணக்குல இருக்கு, கண்ணுல இல்லையே" என்றார் எங்கள் கணக்கப்பிள்ளை. ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருந்த நாள் அது. காரைக்குடியில் தலைமை அலுவலகம்; தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை, புதுக்கோட்டை என்று கிளைகள்; எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள். பார்த்துக்கொள்ள நான் ஒருவன், ஒத்தாசைக்கு ஒரு பையன். கணக்கு என்று எங்களிடம் இருந்தது ஓர் எக்செல் கோப்பு. அந்த லேப்டாப்புக்கு நேரே 'மேனேஜர்' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கிளை மேனேஜர், இன்னும் வேலையில் இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது.

ஆடிட்டர் சும்மா துருவவில்லை. என்னென்ன சொத்து, எத்தனை, எங்கே இருக்கிறது என்பது பதிவேட்டில் முறையாக இருக்கிறதா, நிர்வாகம் அவ்வப்போது நேரில் போய்ச் சரிபார்க்கிறதா என்பதை 2020ஆம் ஆண்டின் காரோ உத்தரவுப்படி (கம்பெனி ஆடிட்டரின் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசு உத்தரவு) அவர் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு இல்லை.

அதற்கப்புறம்தான் எக்செல்லை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஸ்னைப்-ஐடி, ஜிஎல்பிஐ இரண்டையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் திறமூல மென்பொருள்கள், லைசென்ஸ் செலவு இல்லை. இரண்டையும் இன்வென்டரி மென்பொருள், அதாவது பொருள்களின் இருப்புக் கணக்கு வைக்கும் மென்பொருள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 'பொருள் யார் கையில்?' என்ற கேள்விக்குப் பிறந்தது ஒன்று, 'பொருளுக்குள் என்ன?' என்ற கேள்விக்குப் பிறந்தது மற்றது. இது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதலில் எக்செல். அதைத் திட்டுவது சுலபம், நான் திட்ட மாட்டேன். முப்பது கம்ப்யூட்டருக்குள், ஒரே கட்டடத்தில், ஒரே ஆள் எழுதுவதாக இருந்தால் அதுவே போதும். ஆடிட்டர் கடைசியில் கேட்பதும் எக்செல்தான். கை மாறும்போதுதான் வம்பு. ஒருவர் 'காரைக்குடி' என்று எழுதுவார், ஒருவர் 'கேகேடி', இன்னொருவர் 'ஹெச்.ஓ.'. வடிகட்டிப் பார்த்தால் மூன்று ஊர். சீரியல் எண் பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யத்தை விழுங்கிவிடும். மொபைலின் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை 3.5இ+14 என்று சுருக்கிக் காட்டும். அந்தக் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி, ஊர்ப் பெயருக்கு டிராப்-டவுன் வைத்தால் பாதித் தொல்லை குறையும். கூகுள் ஷீட்ஸில் யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறாவது இருக்கிறது. எங்கள் கோப்பு 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் புதுசு 2' என்று மூன்று பேரின் மேசையில் மூன்று பிள்ளையாகிக் கிடந்தது.

ஸ்னைப்-ஐடியைத் திறந்ததும் அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அண்டா, குத்துவிளக்கு, கரண்டி வரை எல்லாவற்றிலும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அண்டா போனால் அப்பத்தா ஒரு நோட்டில் எழுதுவார். திரும்பி வந்ததும் அந்த வரியில் கோடு கிழிப்பார். ஸ்னைப்-ஐடி அந்த நோட்டேதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டேக் எண், கியூஆர் கோடு போட்ட லேபிள். ஆளிடம் கொடுத்தால் செக்-அவுட், திரும்பி வந்தால் செக்-இன். ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஓர் இடத்துக்கோ, இன்னொரு பொருளுக்கோகூடக் கொடுக்கலாம். மானிட்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கட்டி வைப்பது அப்படித்தான். 'பெற்றுக்கொண்டேன்' என்று வாங்குபவர் திரையில் ஒப்புக்கொள்ளும் வசதியும் உண்டு. வரலாறு அழியாது. அந்த 'மேனேஜர்' கதை இதில் நடக்க வழியே இல்லை.

இடத்துக்குள் இடம் வைக்கலாம் என்பது எங்களுக்கு ரொம்ப உதவியது. தலைமை அலுவலகம் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. காரைக்குடி, அதற்குள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பிரித்தேன். புதிதாக வந்த பையன்கூட நேரே போய் எடுத்துவந்துவிடுகிறான். ஜிஎல்பிஐயிலும் இது முடியும், ஆனால் அதில் இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தேடவே ஒரு நாள் போனது.

ஸ்னைப்-ஐடியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. நாம் எழுதினால்தான் அதற்குத் தெரியும். நெட்வொர்க்கில் தானாகப் போய்த் தேடாது, கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்க்காது. எட்டு ஜிபி ராம் என்று நான் பதிந்து வைத்திருந்த கம்ப்யூட்டரில் நான்குதான் இருந்தது. மீதியை எப்போதோ யாரோ கழற்றி வேறு எதிலோ போட்டிருக்கிறார்கள். தேய்மானக் கணக்கும் அதில் நேர்கோட்டு முறையில்தான், அதாவது ஆண்டுதோறும் ஒரே அளவு கழிப்பதாகத்தான் ஓடும். கம்பெனிச் சட்டப்படி டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு ஆயுள் 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு என்று போட்டுக்கொள்ள அது சரி. வருமான வரிக்குக் கம்ப்யூட்டரைக் குறைந்துவரும் மதிப்பில் 40 சதவீதம் கழிக்க வேண்டும். அதைக் கணக்கப்பிள்ளையிடமே விட்டுவிட்டேன்.

இனி ஜிஎல்பிஐ. பிரெஞ்சுக்காரர்கள் 2003இல் தொடங்கியது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்று ஒரு சின்ன நிரலைப் போட்டுவிட்டால் செயலி, ராம், டிஸ்க், சீரியல் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் அதன் பதிப்பும் தானாகவே சர்வருக்கு வந்து சேரும். ஏஜென்ட்தான் வெளியே பேசுகிறது என்பதால் கிளையின் பிராட்பேண்ட் ரவுட்டரில் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை. முன்பெல்லாம் இதற்கு ஓசிஎஸ் இன்வென்டரி மாதிரி வேறொன்றை ஒட்டுப்போட வேண்டும். 2022இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து சொந்தமாகவே செய்கிறது.

இதன் அருமை விண்டோஸ் 10 விவகாரத்தில் தெரிந்தது. 2025 அக்டோபர் 14உடன் அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் பொதுவாக இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எத்தனை கம்ப்யூட்டர் தேறும் என்று முதலாளி கேட்டார். எக்செல்லிலும் ஸ்னைப்-ஐடியிலும் 'ஐ3' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அதை வைத்து என்ன சொல்வது? ஜிஎல்பிஐயில் செயலிப் பெயரை வரிசைப்படுத்தினேன். ஐ3-7100 என்றால் ஏழாம் தலைமுறை, தேறாது. ஐ3-8100 தேறும். பத்து நிமிட வேலை. டிபிஎம்மை மட்டும் தேறியவற்றில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

மென்பொருள் பட்டியல் வந்ததும் வேறொரு திடுக்கிடல். நாங்கள் வாங்கவே வாங்காத ஒரு படம் திருத்தும் மென்பொருள் இரண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது. தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு. பட்டியலைப் பார்த்த பிறகு 'தெரியாது' என்று சொல்ல முடியாதே! அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

அதற்காக ஏஜென்ட் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. டேலி என்ற கணக்கு மென்பொருள் ஒன்பது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அது சொல்லும். கோல்டு லைசென்ஸ் என்றால் ஒரே நெட்வொர்க்கில் எத்தனை பேரும் ஓட்டலாம்; சில்வர் என்றால் ஒருவர்தான். நம்மிடம் இருப்பது எது என்பது பில்லில்தான் இருக்கிறது. பில்லைப் பார்த்து ஆள்தான் பதிய வேண்டும். அலமாரிக்குள் அணைந்து கிடக்கும் லேப்டாப்பையும் யுபிஎஸ்ஸையும் எந்த ஏஜென்ட்டும் பார்க்காது.

இன்னொன்று, சின்ன ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வருவது. எங்களிடம் பாதி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள். அவற்றின் மதர்போர்டில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில், தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய வாசகம் நிரப்பப்படாமலே கிடக்கும். பல கம்ப்யூட்டருக்கு ஒரே 'எண்'. ஜிஎல்பிஐ ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் குழம்பும். இந்த வெற்று எண்களை ஒதுக்க அதிலேயே கறுப்புப் பட்டியல் ஒன்று உண்டு. ஏஜென்ட்டைப் பரப்புவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். நான் பின்னால் பார்த்தேன், ஒரு வாரம் போச்சு.

ஜிஎல்பிஐயில் புகார் டிக்கெட்டும் சேர்ந்தே வருகிறது. கிளைக்காரர் 'பிரின்டர் ஓடல' என்று பதிந்தால் அந்தப் பிரின்டரின் பேரிலேயே அது ஏறிவிடும். வருஷத்தில் எட்டு முறை புகார் வந்த பிரின்டரை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்க எனக்கு வேறு வாதமே தேவைப்படவில்லை.

காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு தரும் அசெட்எக்ஸ்ப்ளோரர் ஸ்கேன், லைசென்ஸ் கணக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்கிறது. லினக்ஸ் தொடத் தெரிந்த ஆள் கம்பெனியில் இல்லை என்றால் இலவச மென்பொருளோடு மல்லுக்கட்டாமல் இதற்குப் போவதே மேல். அப்டேட், பேக்கப் பார்க்க ஆளில்லாத இலவசம் கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

லேப்டாப், டேப்லெட், கேமரா என்று பொருள்கள் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு, ஹோட்டலோ பள்ளியோ, நான் ஸ்னைப்-ஐடியைத்தான் சொல்வேன். பழகவும் அது எளிது. எங்கள் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் மேசையை விட்டு நகராதவை. தலைவலி எல்லாம் உள்ளே இருப்பதில்தான். ஆகவே ஜிஎல்பிஐயை வைத்துக்கொண்டேன். லேப்டாப்புகளை மட்டும், வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி, அதிலேயே அவர் பெயரில் பதிகிறேன். இரண்டையும் சேர்த்து ஓட்டலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். இரண்டு இடத்தில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

காணாமல் போன லேப்டாப் கிடைத்தது. ஒரு கிளையில், பழைய மேனேஜர் விட்டுப்போன பையோடு, பீரோவின் அடித்தட்டில் இருந்தது. பேட்டரி உப்பியிருந்தது.

டோனர் கணக்கு மட்டும் இன்னும் எக்செல்லில்தான் இருக்கிறது. எடுத்துக் கொடுப்பவர் கணக்கப்பிள்ளை. "உங்க பொட்டியெல்லாம் எனக்கு வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டார்.