பிக்கப்புக்கு ஃபோம் கூடு: மாரி மழையும் கச்சான் காற்றும் பார்த்த பிறகு

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் படுத்துறங்க ஒரு கூடு செய்யலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் முதலில் எடையைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து மழையைப் பற்றி. இரண்டும் எனக்குப் பெரிய தலையிடியாக இருக்கவில்லை. திருகோணமலையில் உண்மையான தலையிடி புழுக்கமும் காற்றும்தான்.

என்னுடையது சிங்கிள் கெப், முன்னால் ஒரே வரிசை இருக்கைதான். பின்பெட்டி ஏழடிக்கு மேல் நீளம் என்பதால் காலை நீட்டிப் படுக்கலாம். கூட்டின் சுவரும் கூரையும் இரண்டு அங்குல ஃபோம் தகடு. மீன் பெட்டி செய்கிற மணிமணியான வெள்ளை ரெஜிஃபோம் இல்லை, அது உதிரும். அடர்த்தியாக, வெட்டினால் வழுவழுப்பாக வருகிற எக்ஸ்பிஎஸ் தகடு. எட்டடிக்கு நாலடி தகடு ஒன்று கிட்டத்தட்ட 5 கிலோதான் வரும். அதே அளவு 12 மில்லிமீற்றர் பிளைவுட் 20 கிலோவைத் தாண்டும். வெறும் கூட்டை நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கிவிடலாம், அதனால் கெப்பில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கிழமை நாளில் வண்டி வழமைபோல் சாமான் ஏற்றப் போய்விடும்.

ஃபோமுக்கு மேல் என்ன பூசுவது என்பதுதான் இங்கே எல்லாரும் தடுமாறுகிற இடம். நம் ஊரில் ஃபைபர் போட் திருத்துகிற கை நிறைய உண்டு, அவர்களிடம் கொடுத்தால் ஃபைபர் இழைப் பாயும் ரெசின் பசையும் போட்டு முடித்துவிடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். போட் திருத்துகிற அண்ணர் ஒருவர் ஒரு துண்டு ஃபோமை வாங்கி, அதில் ஒரு கரண்டி ரெசினை ஊற்றி, "பாருங்கோ தம்பி" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டின் நடு குழிந்து, பிசுபிசுத்து, கையளவு பள்ளமாகிவிட்டது. போட்டுக்குப் போடுவது பொலியெஸ்டர் ரெசின், அதில் இருக்கும் ஸ்டைரீன் இந்த ஃபோமைக் கரைத்துவிடும். எபொக்சி கரைக்காது, ஆனால் விலையைக் கேட்டால் கூடு கட்டும் ஆசையே போய்விடும்.

ஆகவே துணியும் கம்மும் பெயின்டும். வெளிநாட்டுக்காரர் இதை ஏழையின் ஃபைபர்கிளாஸ் என்று கேலியாகச் சொல்வார்கள், ஆனால் வேலை செய்கிறது. பருத்திக் கன்வஸை நனைத்துப் பிழிந்து, ஃபோமில் மரவேலைக் கம்மைப் பூசி, துணியை விரித்து ரோலரால் காற்றுக் குமிழியை வெளியே தள்ளவேண்டும். காய்ந்ததும் வெளிச்சுவர் பெயின்டைத் தண்ணீர் கலந்து முதல் பூச்சாகத் துணி குடிக்கும்வரை கொடுத்து, அதற்கு மேல் தடிப்பாக இன்னும் சில பூச்சு. கம் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கவேண்டும், பள்ளிக்கூடத்து வெள்ளைக் கம் மழையில் மறுபடி பாலாகிவிடும். நிறம் வெள்ளைதான், இதில் பேச்சுக்கே இடமில்லை. இந்த ஃபோம் 75 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும், பங்குனி வெயிலில் நிற்கிற கறுப்புக் கூரை அந்தச் சூட்டுக்குக் கிட்டப் போகும்.

ஃபோமில் ஸ்க்ரூ நிற்காது. கதவுப் பிணைச்சல், கொக்கி, காற்றாடி எது வந்தாலும் அந்த இடத்து ஃபோமை வெட்டி மரத்துண்டைப் பதித்து ஒட்டி, பிறகுதான் துணி போடவேண்டும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் நிறுத்துகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாரியில் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. ஆனால் மெத்தையின் அடி ஈரம்! மழை இல்லை, எங்கள் மூச்சுத்தான். ஃபோம் மூச்சு விடாது, இரண்டு பேர் இரவு முழுக்க விடுகிற ஈரம் போக வழி வேண்டும். மெத்தைக்கு அடியில் சலாகை அடித்து, தலைமாட்டில் தாழ்வாக ஒரு துவாரமும் கால்மாட்டில் உயரத்தில் ஒரு துவாரமும் வைத்து, மேலதில் பழைய கம்பியூட்டர் ஃபான் ஒன்றை 12 வோல்ட்டில் ஓடவிட்ட பிறகுதான் உறக்கம் வந்தது. இந்த ஃபோம் கூடு குளிர் நாட்டில் சூட்டை உள்ளே பிடித்து வைக்கப் பிறந்த யோசனை. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, பகலில் வெயிலைத் தடுப்பதற்கு ஃபோம் நல்லது, இரவில் ஃபான் இல்லாவிட்டால் அவிந்துபோவீர்கள். இரண்டு துவாரத்துக்கும் நுளம்பு வலை கட்டாயம். நுளம்புத்திரி உள்ளே வேண்டவே வேண்டாம், அடுப்பும்தான். இந்தச் சாமான் பற்றினால் கரும்புகையாக எரியும், வெளியே வர நேரம் தராது.

இனி காற்று. எடை குறைவு, பக்கச்சுவரோ பெரிசு. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது, இரண்டு பக்கமும் தண்ணீர். ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது அதன் நடுவில் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுப்பதை முதல் தடவை உணர்ந்தவுடன் என் மச்சான் வாயே திறக்கவில்லை, அவர் அப்படி இருப்பது அபூர்வம். நாலு மூலையிலும் டேர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கொக்கி, போட்டுக் கூட்டைக் கெப்போடு இறுக்கியிருக்கிறேன், புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்குவேன், ஃபோம் அமுங்கிக் கொடுப்பதால் கட்டாயம் தளரும். தண்ணீர்க் கேனும் பற்றரியும் பின் அச்சுக்கு முன்னால், கெபின் ஓரமாக. பின்கதவுப் பக்கம் பாரம் போனால் முன்சக்கரம் இலேசாகி இன்னும் மோசம்.

வெருகல், வாகரைப் பாதையில் மரக்கொப்பு கிழித்த இடம் ஒன்று உண்டு. துணித்துண்டு, கம், பெயின்ட், அரைநாளில் சரி. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் நிறுத்தியபோது மான் ஒன்று மூலையில் கொம்பைத் தேய்த்துப் பெயின்டை உரித்ததும் அதே வைத்தியம்தான். எறும்புதான் வைத்தியம் இல்லாத வியாதி. திறந்த ஃபோம் எங்கே இருந்தாலும் குடைந்து கூடு கட்டும், அடிப்பக்க விளிம்பையும் விடாமல் துணி சுற்றி மூடுங்கள். ஹபரணைப் பாதையில் யானை வருகிற இடங்களில் நான் இரவில் நிறுத்துவதே இல்லை, இரண்டு அங்குல ஃபோம் யானைக்கு ஒரு தடையா?

டபுள் கெப் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் பின்பெட்டி ஐந்தடி சொச்சம்தான், படுப்பதற்குக் கெபின் கூரைக்கு மேல் நீட்டிக் கட்டவேண்டி வரும், அப்போது காற்று இன்னும் பிடிக்கும். நான் என்றால் அதைச் செய்யமாட்டேன், ஒரு படங்கும் நுளம்பு வலையும் வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.