லீட் படிப்பதா, பாசிவ் ஹவுஸ் படிப்பதா?

பசுமைக் கட்டுமானம் கற்க இரண்டுமே நல்ல வழிகள்தான். லீட் (LEED) என்பது பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் அமெரிக்க முறை. அதன் தொடக்கநிலைத் தேர்வான கிரீன் அசோசியேட்டில் 100 கேள்விகள், 2 மணி நேரம். மனை, தண்ணீர், மின்சாரம், கட்டுமானப் பொருள், உள்காற்று என எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும். பார்வை விரியும், ஆழம் குறைவு.

பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடத்துக்கான தரமுறை) அப்படியல்ல. ஆற்றல் ஒன்றையே பிடித்துக்கொண்டு கணக்குப் போட வைக்கும். வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி, அவ்வளவுதான். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருக்கையில் ஒரு மணி நேரக் காற்றுக்கசிவு, உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது. கட்டி முடித்ததும் கதவில் விசிறி பொருத்தி அளந்தே பார்ப்பார்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வெப்பம் ஏன் நழுவுகிறது என்பது இதைப் படித்தால்தான் உறைக்கும்.

வரைபடம் போடுபவர் பாசிவ் ஹவுஸில் தொடங்கட்டும் என்பேன். திட்ட மேலாளருக்கு முதலில் லீட் போதும். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.