குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: 11,500 ரூபாயும் போச்சு, நேரமும் போச்சு

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். மகனுக்கு ஐந்து வயது. காய்ச்சல், வலது முழங்காலுக்குக் கீழே தொட்டாலே அலறல், காலை ஊன்றவே மாட்டேன் என்கிறான். ரத்தத்தில் சிஆர்பி (உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஏறுகிற அளவு) எகிறியிருந்தது; எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எங்கள் குழந்தை மருத்துவர் அதோடு விடவில்லை. எலும்பில் தொற்று என்றால் எக்ஸ்ரேயில் தெரிய பத்துப் பதினான்கு நாள்கூட ஆகும், எம்ஆர்ஐயில் முதல் சில நாளிலேயே பிடிபடும், உடனே எடுங்கள் என்றார்.

வடபழனிப் பக்கம் ஒரு தனியார் ஸ்கேன் சென்டர். போனில் நான் முதலில் கேட்டதே மயக்க மருந்தைப் பற்றித்தான். "குழந்தைங்களுக்குன்னே அனஸ்தீசியா டாக்டர் இருக்காங்க மேடம், தூங்க வெச்சுதான் எடுப்போம். சாப்பாடு மட்டும் குடுக்காம கூட்டிட்டு வாங்க" என்றார் அந்தப் பெண். அவ்வளவு தெளிவாகச் சொன்னதும் மனசு சமாதானமாகிவிட்டது. மயக்கத்துக்கும் சேர்த்து என்று 11,500 ரூபாயை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

பிள்ளை வெறும் வயிற்றோடு சுருண்டு கிடக்க, மதியம் வரை "டாக்டர் வந்துட்டே இருக்கார்". அப்புறம் டெக்னீஷியன் ஒரு சிரப்போடு வந்து, இதுவே போதும் என்றார். மெஷின் தடதடவென்று ஆரம்பித்ததும் அவன் அலறி எழுந்தான். காலைப் பெல்ட்டால் கட்டி, என் கணவரை கணுக்காலை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். வலிக்கிற அதே காலை! பாதியில் நிறுத்திவிட்டு, "போதும், கிடைச்சிடுச்சு" என்றார்கள்.

ரிப்போர்ட்டில் 'குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை'. எலும்பு மருத்துவர் சிடியைத் திறந்து காட்டினார். ஒரே எலும்பு இரண்டிரண்டாக, கலங்கிய தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கிற படங்களில்தான் மஜ்ஜையின் வீக்கம் பளிச்சென்று தெரியுமாம். அதை எடுக்கவே இல்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்? அவர் உடனே அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொன்னார். எலும்பின் உறைக்கு அடியில் ஏதோ கோத்திருந்தது. வேறு மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து மறுபடி எம்ஆர்ஐ. வளர்ச்சித் தட்டுக்கு, அதாவது எலும்பு நீளமாக வளர்கிற இடத்துக்கு, பக்கத்திலேயே சீழ். அன்றிரவே ஆபரேஷன். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனையில் வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பிள்ளைகளின் எலும்புத் தொற்றில் பெரும்பாலும் வருகிற கிருமி. அந்த ரிப்போர்ட்டை நம்பி வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும்!

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "மேனேஜர் லீவ்". அடுத்து "ரிப்போர்ட் கொடுத்துட்டா ரீஃபண்ட் கிடையாது". அப்புறம் "குழந்தை ஆடினா நாங்க என்ன பண்றது?" ஆடக்கூடாது என்றுதானே மயக்கத்துக்குக் காசு வாங்கினீர்கள்? வராத டாக்டருக்கும் சேர்த்து 11,500 ரூபாய்! இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. எழுத்தில் புகார் கொடுக்கத்தான் போகிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், வார்டில் இருந்துகொண்டு முடியவில்லை. மயக்க மருத்துவர் நேரில் வராமல் பணம் கட்டாதீர்கள். மயக்கத்துக்குத் தனியாக பில் கேளுங்கள். அரசு மருத்துவமனை வளாகங்களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் குறைவு, அங்கேயும் விசாரியுங்கள். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், சிடியும் வேண்டும். எங்களுக்கு விஷயம் வெளிவந்ததே அதில்தான்.